குழியில் சுடுவது, புகையில் கறுப்பது: சென்னையில் மண்பாண்டம் செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்போரூர் பக்கம் நண்பர் ஒருவரின் காலி மனையில் மண்பாண்டம் சுடுகிறோம். ஐ.டி. கம்பெனிக்காரர்கள் வருவார்கள், ஓய்வு பெற்ற டீச்சர்கள் வருவார்கள், அம்மா இழுத்து வந்த பிள்ளைகளும் வருவார்கள். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. தொண்டை வற்றச் சொன்னதையே சொல்வதற்குப் பதில் எழுதி வைத்துவிட்டேன். கேட்பவர்கள் பெரும்பாலும் நெருப்பைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எனக்கோ பேச்சு சுற்றிச் சுற்றி ஈரத்தில்தான் வந்து நிற்கும். சென்னையில் உட்கார்ந்துகொண்டு பானை சுட்டால் அப்படித்தான்.

குழியில் சுடுவதும் புகையூட்டுவதும் ஒன்றா?

இல்லை. குழியில் சுடும்போது பானை வேகுவதும் நிறம் ஏறுவதும் ஒரே நெருப்பில் நடக்கும். தரையில் குழி வெட்டி, மரத்தூள், வறட்டி, விறகு எல்லாம் அடுக்கி, நடுவில் பானைகளை வைத்துக் கொளுத்துவது. சூடு பொதுவாக 600 முதல் 900 டிகிரி செல்சியஸ் வரை போகும். ஒரே குழியில் ஒரு மூலை நன்றாக வெந்திருக்கும், இன்னொரு மூலை அரை வேக்காடாக நிற்கும்.

புகையூட்டுவது அதற்கு அடுத்த வேலை. மின்சூளையிலோ வேறெங்கோ ஏற்கெனவே 900 டிகிரி வாக்கில் சுட்டு எடுத்த பானையை, மரத்தூள் நிரப்பிய டின்னில் புதைத்து, தூளைக் கனிய விடுவது. இதில் சூடு குறைவு, பானை உடைவதும் குறைவு. புதிதாக வருபவர்களை நான் முதலில் இதைத்தான் செய்யச் சொல்வேன். குழிதான் வேண்டும் என்று அடம் பிடிப்பவர்களிடமும், பானையை ஒருமுறை சூளையில் சுட்டுவிட்டுக் கொண்டு வாருங்கள் என்றுதான் சொல்வேன்.

ராக்கு என்று ஒன்று சொல்கிறார்களே?

அது வேறு. ஜப்பானில் 16ஆம் நூற்றாண்டில் தேநீர்க் கிண்ணங்களுக்காகத் தோன்றிய முறை. மேலே பூச்சு பூசிய கிண்ணத்தைச் செக்கச்செவேலென்று இருக்கும்போதே இடுக்கியால் வெளியே எடுப்பார்கள். எடுத்த கையோடு மரத்தூள் தொட்டியில் போட்டு மூடுவது பிற்பாடு அமெரிக்கர்கள் சேர்த்துக்கொண்டது. வீடியோவில் பார்க்க ஜோராக இருக்கும். எங்கள் மனையில் அதைச் செய்வதில்லை.

கறுப்பு எங்கிருந்து வருகிறது? சாயமா?

சாயம் கிடையாது. நம் ஊர்க் களிமண்ணில் இரும்பு உண்டு. தாராளமாகக் காற்று பட்டு வெந்தால் அந்த இரும்பு சிவக்கும். செங்கல்லின் நிறம் அதுதான். காற்றை அடைத்துவிட்டால் நெருப்புக்கு ஆக்சிஜன் போதாது, மண்ணுக்குள் இருக்கும் இரும்பு ஆக்சைடிலிருந்தே பிடுங்கிக்கொள்ளும். இரும்பு கருத்துவிடும். கூடவே, சரியாக எரியாத கரி புகையாகக் கிளம்பி, பானையின் நுண்துளைகளுக்குள் போய்ப் படிந்துவிடும். குறைந்த சூட்டில் புகையூட்டும்போது வரும் கறுப்புக்கு முக்கியமாக இந்தக் கரிதான் காரணம்.

ஆக, பானையில் எங்கே காற்று பட்டது, எங்கே படவில்லை என்பதை நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம். இதைப் புரிந்துகொள்ள எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ ஆதிச்சநல்லூரில் தோண்டியெடுத்த பொருள்கள் அங்கே இருக்கின்றன. கறுப்பு சிவப்புப் பாண்டம் என்று தொல்லியலில் ஒரு வகை உண்டு. கீழடி, கொடுமணல் எல்லா இடத்திலும் கிடைப்பது. உட்புறமும் வாய்ப்பக்கமும் கறுப்பு, கீழ்ப்பாதி சிவப்பு. கண்ணாடிக்குப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். இரண்டு நிறமும் சேரும் இடத்தில் வெட்டுக்கோடு இருக்காது, வேட்டி ஓரத்தில் காபி ஊறிப் பரவினதுபோல் கலங்கி நிற்கும். கிண்ணத்தைக் கவிழ்த்து, வாயை உமியிலோ சாம்பலிலோ புதைத்துச் சுட்டிருப்பார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். புதைந்த இடத்துக்குக் காற்று போகாததால் அது கறுத்தது, வெளியே நின்றது சிவந்தது. இதை வீட்டு டின்னிலேயே செய்து பார்க்கலாம். நான் செய்ததில் எல்லை நாலு விரற்கடை மேலும் கீழுமாக அலைந்துவிட்டது. அவர்களுக்கு எப்படி அவ்வளவு கச்சிதமாக வந்தது என்ற பொறாமை எனக்கு இன்னும் தீரவில்லை.

எந்த மண் வேண்டும்?

கொசப்பேட்டையில் கொலு பொம்மைக்கும் பிள்ளையாருக்கும் வாங்கும் களிமண்ணே போதும். ஆனால் அப்படியே எடுத்துச் சுடக்கூடாது. வழவழவென்று இருக்கும் களிமண் திடீர்ச் சூட்டைத் தாங்காது. அதனால் ஐந்து பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு சலித்த ஆற்றுமணலோ, பழைய கூரை ஓட்டை இடித்த தூளோ சேர்த்து மிதித்துப் பிசைந்துகொள்ளுங்கள். நான் ஓட்டுத்தூள் கட்சி. ஏற்கெனவே ஒருமுறை நெருப்பைப் பார்த்த மண் அது, மறுபடி சுருங்காது. கடற்கரை மணல் வேண்டாம், அதில் உப்பும் கிளிஞ்சல் துண்டும் இருக்கும். கிளிஞ்சல் சூட்டில் சுண்ணாம்பாகிவிடும். சுட்டெடுத்துப் பத்து நாள் கழித்து, அலமாரியில் சும்மா இருக்கும் பானையின் பக்கவாட்டில் காசு அகலத்துக்குச் சில்லு பெயரும். காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்து அந்தச் சுண்ணாம்பு உப்பியதுதான் காரணம்.

பானை எத்தனை நாள் காய வேண்டும்?

இதற்குத்தான் நான் நீளமாகப் பதில் சொல்வேன். சித்திரையில் நிழலில் ஒரு வாரம் போதும். ஐப்பசி கார்த்திகையில் மூன்று வாரம் ஆனாலும் காயாது. காய்ந்துவிட்டதுபோல் நடிக்கும், அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் ஒரு நவம்பர் மாதம், மழை விட்ட மூன்றாம் நாள், ஆவலை அடக்க முடியாமல் ஒரு பெரிய பானையைச் சுடாமல் பச்சையாகவே குழியில் இறக்கினேன். பரணில் பன்னிரண்டு நாள் இருந்த பானை, வெளுத்துப்போய் முழுக்கக் காய்ந்ததாகத்தான் தெரிந்தது. கொளுத்திப் பத்து நிமிடம் இருக்கும். டப் என்று ஒரு சத்தம். அப்புறம் வரிசையாக இன்னும் நாலு. பக்கத்தில் இருந்த பானைகளையும் ஓட்டை போட்டுவிட்டது. ஓட்டுச்சில்லைப் பையில் போட்டுக்கொண்டு கொசப்பேட்டையில் எனக்குத் தெரிந்த பெரியவரிடம் போனேன். சில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இன்னா தம்பி, வெளிய காஞ்சிது, உள்ள காயல. அடுப்புல ஏத்துனா அது வெடிக்காம இன்னா பண்ணும்?” என்றார். “எப்படிக் கண்டுபிடிக்கிறதுங்க ஐயா?” என்று கேட்டேன். பக்கத்தில் இருந்த ஒரு பச்சை அகலை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்தார், பிறகு என் கன்னத்தில் வைத்தார். சில்லென்று இருந்தது. “ஜில்லுன்னுதா? அப்ப தண்ணி கீது.”

எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல கருவி கிடையாது. ஈரம் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொள்வதால்தான் மண் குளிர்கிறது. அடிப்பாகத்தில் வைத்துப் பாருங்கள், கடைசியாகக் காய்வது அடிதான். குளிர்ச்சி தெரியாமல் போன பிறகும் இந்த ஊர்க் காற்றில் கொஞ்சம் ஈரம் ஒளிந்திருக்கும். அதனால் சூளைக்குப் போகும் முன் வீட்டு ஓவனில் 80, 90 டிகிரியில் நாலைந்து மணி நேரம் வையுங்கள். ஓவன் இல்லாதவர்கள் குழிக்குப் பக்கத்தில் தணல் போட்டு, பானையைச் சுற்றித் திருப்பித் திருப்பிக் காய்ச்சலாம். தண்ணீர் 100 டிகிரியில் நீராவியாகும்போது ஆயிரத்து ஐந்நூறு மடங்குக்கும் மேல் பெருகும். அதற்கு வெளியேற நேரம் கொடுக்காவிட்டால் சுவரை உடைத்துக்கொண்டுதான் போகும்.

கண்ணாடி மாதிரிப் பளபளப்பு எப்படி? வார்னிஷா?

வார்னிஷ் இல்லை, கூழாங்கல். பானை பாதி காய்ந்து, நகத்தால் அழுத்தினால் லேசாகத் தடம் விழும் பதத்தில், வழவழப்பான கூழாங்கல்லாலோ ஸ்பூனின் முதுகாலோ சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டும். களிமண் துகள்கள் தட்டையானவை. தேய்க்கத் தேய்க்க ஒரே திசையில் படுத்துவிடும், ஒளி பட்டுத் திரும்பும். ஒரு கையகலப் பானைக்கு இரண்டு மணி நேரமாவது ஆகும். கல்லைத் துளி தேங்காய் எண்ணெயில் தொட்டுக்கொண்டால் வழுக்கும். நடுவில் போன் வந்தால் எடுக்காதீர்கள், திரும்பி வருவதற்குள் அந்த இடம் காய்ந்து கோடு விழுந்துவிடும்.

மின்சூளையில் முதல் சூடு கொடுக்கும்போது 950 டிகிரிக்கு மேல் போக வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள். அதற்கு மேலே போகப் போகப் பளபளப்பு மங்கும். பொது ஸ்டுடியோ ஒன்றில் கொடுத்த எனது ஆறு கிண்ணங்களை அடுத்தவர் பாத்திரங்களோடு சேர்த்து 1,100க்கு ஏற்றிவிட்டார்கள். இரண்டு வார மெருகு போனது போனதுதான்.

மொட்டை மாடியில் சுடலாமா?

வேண்டாம். தளத்து ஓடு விரியும், துணி காயப்போட்ட பக்கத்து வீட்டு அக்கா சண்டைக்கு வருவார். அவர் பக்கம்தான் நியாயம். நகரத்துக்குள் திறந்த வெளியில் எரிப்பதற்கு மாநகராட்சி அபராதம் போடும். ஒரு காலத்தில் இந்த ஊரில் சூளைகள் இருந்ததற்குச் சூளை, சூளைமேடு என்று பேர்கள்தான் மிச்சம். இப்போது சுற்றிலும் ஜன்னல்கள்.

சரி, கடற்கரை?

அதுவும் வேண்டாம். கடற்கரை ஒழுங்குமுறை விதிகள் ஒரு பக்கம் இருக்கட்டும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை பெசன்ட் நகர், நீலாங்கரை மணலில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும், பிறகு குஞ்சுகள் பொரித்து வெளியே வரும். குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கித்தான் ஊர்ந்து போகும். கரையில் நீங்கள் மூட்டிய நெருப்பைக் கடல் என்று நினைத்துக்கொண்டு எதிர்த்திசையில் வந்துவிடும்.

போகி அன்றைக்கு எல்லோரும் எரிக்கிறார்களே, அன்று சுட்டால் என்ன?

இந்தக் கேள்வி வருடம் தவறாமல் வரும். 2018 போகியன்று புகைமூட்டத்தால் மீனம்பாக்கத்தில் விமானங்களே இறங்க முடியாமல் திண்டாடின. அந்தக் கணக்கில் நம் பங்கையும் சேர்க்க வேண்டுமா? மார்கழி கடைசியில் விடியற்காலைப் புகை மேலே போகாமல் தரையோடு படுத்துக்கொள்ளும். மாசி முதல் ஆனி வரை, காலை பத்து மணிக்கு மேல், காற்று லேசாக வீசும் நாளாகப் பார்த்து, வீடுகள் இல்லாத இடத்தில் சுடுங்கள்.

டின்னில் புகையூட்டுவது எப்படி?

பதினைந்து கிலோ எண்ணெய் டின் ஒன்று. ஹோட்டல்களில் கேட்டால் கொடுப்பார்கள். மேல்மூடியை வெட்டியெடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, நாலு பக்கமும் நாலு விரல் இடைவெளியில் ஆணியால் ஓட்டை போடுங்கள். மரத்தூள் மரக்கடையில் மூட்டையாகக் கிடைக்கும். வாங்கும்போது ஒன்றுக்கு இரண்டு தடவை கேளுங்கள், பிளைவுட் அறுத்த தூள் கலந்திருக்கிறதா என்று. அதில் இருக்கும் பசை எரிந்தால் வரும் புகை நல்லதல்ல. ஈரத் தூளும் வேண்டாம், பாதியில் அணைந்துவிடும்.

அடியில் நாலு அங்குலம் தூள். பானைக்குள்ளேயும் தூளை நிரப்பி வையுங்கள். ஒன்றையொன்று தொடாமல், டின் சுவரையும் தொடாமல் இரண்டு அங்குலம் விடுங்கள். மேலே நாலு அங்குலம் தூள், அதன்மேல் கசக்கிய தினத்தாள், கொஞ்சம் சுள்ளி. மேலிருந்து கொளுத்த வேண்டும். தூளின் மேற்பரப்பு முழுக்கச் சிவந்து கனிந்த பிறகு தகர மூடியைப் போட்டு, ஒரு சின்னக் கல்லை இடுக்கிச் சற்றே திறந்து வையுங்கள். சுவாலை தெரிந்தால் காற்று அதிகம், கல்லை எடுத்துவிடுங்கள். புகையே வராவிட்டால் அணைந்துவிட்டது என்று பொருள். தூள் மேலிருந்து கீழே மெதுவாகக் கனிந்து இறங்க 12 மணி நேரமாவது ஆகும். மரத்தைப் பொறுத்து ஒரு நாள்கூட ஆகலாம். நைசான தூள் அடர்ந்த கறுப்பைத் தரும். இழைப்புளிச் சுருள் கலந்தால் நடுநடுவே காற்று புகுந்து சாம்பலும் வெண்மையுமாக மேகம் போட்டுக்கொள்ளும்.

பானையில் கோலம் தெரிய வேண்டுமானால், களிமண்ணைக் கூழாகக் கரைத்து அந்த இடத்தில் தடிமனாக அப்பிவிட்டுப் புகையூட்டுங்கள். பிறகு சுரண்டினால் அந்த இடம் மட்டும் கறுக்காமல் இருக்கும்.

குழிக்கு என்ன அளவு?

எங்கள் குழி நாலடி நீளம், மூன்றடி அகலம், இரண்டரை அடி ஆழம். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் வெட்டுபவர்கள் முதலில் கடப்பாரையால் குத்திப் பாருங்கள். மழைக்குப் பிறகு மூன்றடியிலேயே தண்ணீர் ஊறும் மனைகள் உண்டு. ஈரக் குழிக்குள் பானை வைப்பது இட்லிப் பானைக்குள் வைப்பது மாதிரி. முந்தின நாளே குழிக்குள் சும்மா ஒரு நெருப்புப் போட்டு உலர்த்திவிடுவோம்.

அடியில் ஒரு சாண் மரத்தூளும் உமியும், மேலே பானைகள், இடுக்கெல்லாம் உடைத்த வறட்டி, அதன்மேல் வைக்கோல், தென்னை மட்டை, கடைசியில் சவுக்கு விறகு. சவுக்கு படபடவென்று எரிந்து சூட்டை ஏற்றும், வறட்டி நின்று நிதானமாகக் கனியும். இரண்டும் வேண்டும், ஆனால் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்றால் நான் வறட்டி பக்கம். விறகு எரிந்து தணலாக இறங்கியதும் பழைய தகரத்தால் மூடி, ஓரமெல்லாம் மண் அள்ளிப் போட்டு அடைத்துவிட வேண்டும். கறுப்பு ஏறுவது முக்கியமாக அதற்கப்புறம்தான்.

சிவப்பு, ஆரஞ்சு, ஊதா எல்லாம் எப்படி வருகின்றன?

கல்லுப்பு ஒரு கைப்பிடி தூவினால் மஞ்சளும் இளம் ஆரஞ்சும். அன்னபேதி என்று நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் இரும்பு உப்பு, காவி நிறம். மயில்துத்தம், அதாவது தாமிர சல்பேட், அதிர்ஷ்டம் இருந்தால் இளஞ்சிவப்பு முதல் மெரூன் வரை. பழைய மோட்டார் சுருளிலிருந்து உரித்த செம்புக் கம்பியைச் சுற்றினால், எனாமல் பூச்சைச் சுரண்டிய பிறகு, அது பட்ட இடத்தில் கோடுகள். வாழைப்பழத் தோலைக் காயவைத்து ஒட்டிச் சுற்றுபவர்களும் உண்டு. அதில் இருக்கும் பொட்டாசியம் உப்புகள் தடம் விடும். எனக்குப் பிடித்தது இதுதான், காசும் கிடையாது விஷமும் கிடையாது.

மயில்துத்தத்தையும் அன்னபேதியையும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கையுறை போட்டுத்தான் தொட வேண்டும். சூட்டில் இவற்றிலிருந்து கந்தக வாயு கிளம்பும், உப்பிலிருந்தும் அமில ஆவி வரலாம். சாதாரண தூசி மாஸ்க் வாயுவைத் தடுக்காது. அதனால் காற்று வரும் பக்கமாக நின்றுகொள்வதுதான் பாதுகாப்பு, பிள்ளைகள் வந்திருக்கும் நாளில் இவற்றைப் போடுவதே இல்லை. எரிந்த சாம்பலைத் தோட்டத்தில் கொட்டவும் கூடாது.

உடைந்துவிட்டது. என் தப்பு எங்கே?

சில்லைப் பார்த்தால் தெரியும். முதல் அரை மணி நேரத்தில் சத்தத்தோடு தோசை மாதிரி ஏடு ஏடாகப் பெயர்ந்திருந்தால் ஈரம். வாயிலிருந்து அடி வரை ஒரே நீளக் கீறல் என்றால் சீக்கிரம் திறந்து குளிர் பட்டிருக்கும். மண்ணில் உள்ள குவார்ட்ஸ் 573 டிகிரியில் சட்டென்று அளவு மாறும். ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த இடத்தை மெதுவாகக் கடக்க வேண்டும். கைப்பிடி மட்டும் கழன்றிருந்தால் ஒட்டும்போது இரண்டு பக்கமும் ஒரே ஈரத்தில் இல்லை. உடையவே இல்லை, ஆனால் தண்ணீர் பட்டதும் சேறாகக் கரைகிறதா? அப்படியானால் வேகவே இல்லை. மண் திரும்ப மண்ணாகாமல் இருக்க 600 டிகிரியாவது பார்த்திருக்க வேண்டும்.

இதில் சமைக்கலாமா? பூ வைக்கலாமா?

எங்கள் முறையில் செய்தவற்றில் வேண்டாம். நிறத்துக்கு உப்பும் துத்தமும் போட்டவற்றில் கட்டாயம் வேண்டாம். தண்ணீரும் கசியும். உள்ளே கண்ணாடி டம்ளர் வைத்துப் பூ வைத்துக்கொள்ளலாம். அடுப்பில் ஏற்றினால் நுண்துளைக் கரி எரிந்து, ஆசையாக ஏற்றிய கறுப்பும் திட்டுத் திட்டாகப் போய்விடும்.

“சந்தையில் கறுப்பு மீன் குழம்புச் சட்டி விற்கிறார்களே?” என்பீர்கள். அது சமையலுக்கென்றே குயவர்கள் வனைந்து, வெறும் புகையில் கறுக்கவிட்டது. அரிசி களைந்த தண்ணீரிலும் கஞ்சியிலும் நாலு நாள் பழக்கி எடுத்துத் தாராளமாகச் சமைக்கலாம்.

கறுப்பு மங்காமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

சாம்பலை ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, பானையை லேசாகச் சூடாக்கித் தேன்மெழுகு தேயுங்கள். பிறகு பழைய பனியன் துணியால் துடைத்தால் கூழாங்கல் மெருகு மேலெழும்பி வரும். மழைக்காலத்தில் உப்புப் போட்ட பானைகளில் வெள்ளையாகப் பூத்தால் பயப்பட வேண்டாம், துடைத்துவிட்டு மறுபடி மெழுகு.

கற்றுக்கொள்ள எங்கே போவது?

கைவேலையைப் பார்க்கக் கொசப்பேட்டை. விநாயகர் சதுர்த்திக்கு ஒரு மாதம் முன்னால் போகாதீர்கள், பேச நேரமிருக்காது அவர்களுக்கு. முட்டுக்காட்டில் தக்ஷிணசித்ராவில் சக்கரத்தில் கை வைத்துப் பார்க்கலாம். கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமியில் பீங்கான் கலைக்கூடம் இருக்கிறது. எழும்பூர் அருங்காட்சியகத்தை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

மூடி வைத்தாயிற்று. எப்போது திறக்கலாம்?

மறுநாள். ஞாயிறு மதியம் மூடினால் திங்கள் காலை. இதுவரை எங்கள் குழியில் உடைந்ததில் பாதி, ஞாயிறு சாயங்காலமே ‘சும்மா ஒரு ஓரம் மட்டும்’ தகரத்தைத் தூக்கிப் பார்த்ததால்தான். தூக்கியவர்களில் நானும் உண்டு. அதனால் இப்போது மூடியதும் எல்லோரும் கேளம்பாக்கம் வந்து டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். தகரத்தின் மேல் புறங்கையை வைத்துப் பத்து எண்ணும் வரை எடுக்காமல் இருக்க முடிந்தால் திறக்கலாம். திறந்ததும் கையை விட்டு அள்ளாதீர்கள். மேலே ஆறிய சாம்பல், கீழே தணல் இருக்கும். பானைக்குள் குச்சியை விட்டுத் தூக்கி, உலர்ந்த மணலில் வையுங்கள், அப்படியே ஒரு மணி நேரம். கழுவிப் பார்க்கும் ஆசை வரும். காலில் படும் புல்லில் பனி ஈரம் இருந்தாலே போதும், அடி விரிந்துவிடும்.